வார்டன் பங்களாவின் மேற்கு அறை

படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கத்தில் மூன்று இருந்தன.

கங்கா அதைக் குறித்துக்கொண்டாள். மட்டாஞ்சேரியில் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் பட்டறை அவளுடையது. மலைமேல் தேசியப் பூங்காவுக்குள், அந்தக் காலத்து வார்டன்கள் குடியிருந்த இந்தப் பங்களாவைக் காட்சியகமாக்கப் போகிறார்கள். மகளை வீட்டில் விட்டுவிட்டு, கதவு ஜன்னல்களைப் பார்த்துச் சொல்ல வந்திருந்தாள். ஜீப்பில் கொண்டுவந்து விட்ட வனக்காவலர் அனில், சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தான்.

மூன்று மணிக்கே பனி இறங்கியது. புல்வெளியை, மரங்களை, கடைசியில் வாசற்படியையும் மூடிவிட்டு ஜன்னல் கம்பிகள் வழியே அது உள்ளே கசிய, நனைந்த கம்பளியும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற ஒரு வாடை அறையில் பரவ, அவள் சுவரோரம் குனிந்து, செல்லரித்த சட்டங்களை விரலால் தட்டிக்கொண்டே போனாள். தட்டுவதை நிறுத்திய பிறகும் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காலடி. வெறுங்கால். ஈரக்கால்.

"அனில்?"

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மேல் தாழ் விழுந்தது. நடுத் தாழ். கீழ்த் தாழ்.

இழுத்துப் பார்த்தாள். உதைத்தாள். தேக்கு அசையவில்லை. அனிலுக்கு ஃபோன் செய்தாள்.

"யாரோ கதவை வெளிய தாழ் போட்டுட்டாங்க அனில்."

"அவிட யாரும் இல்லையே சேச்சி. வழியில ஆனக்கூட்டம் நிக்குது. அர மணிக்கூர்ல வந்துருவேன். பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். கதவுக்கு அப்பால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒரு இருமல். மரத்தூள் தொண்டையில் பட்டால் கங்கா இருமும் அதே இருமல். அவள் இருமவில்லை.

"அனிலு..." என்றது அந்தக் குரல். பேசிப் பழகுவதுபோல. "அனில்." இன்னும் கொஞ்சம் சரியாக. "அனில்?"

இப்போது அது கங்காவின் குரலாகவே இருந்தது.

ஜீப் சத்தம். ஜன்னலுக்கு ஓடினாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. வாசலில் அனில் இறங்கிக்கொண்டிருந்தான். கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. திரும்பவும் முயன்றாள். வெறும் காற்று.

இரண்டு கையாலும் கம்பிகளை அடித்தாள்.

"உள்ள என்னமோ சத்தம்," என்றான் அனில், இருட்டான ஜன்னலுக்குள் எதுவும் தெரியாமல்.

"கதவு தானாவே தெறந்துக்கிச்சு. அது கொரங்கா இருக்கும்." வாசற்படியிலிருந்து கங்காவின் குரலில் பதில் வந்தது. "போலாம் அனில். வீட்டுல மக தனியா இருக்கா."

அடித்தாள். அடித்தாள். உள்ளங்கை கிழிந்தது.

அனில் ஜீப் கதவைத் திறந்துவிட்டான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவள் தலைமுடியிலிருந்த மரத்தூளைத் தட்டினாள். ஜீப் திரும்பியது. பனி மறுபடி மறைப்பதற்கு முன், ஜீப்புக்குள்ளிருந்து கங்காவின் முகம் ஒருமுறை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது.