ஐந்து கட்டைக்கு ஏறாத மிருதங்கம்

"தோல்ல ஏமாத்திட்டான்மா அந்த ரசாக். நீங்கதான் நிரூபிச்சுக் கொடுக்கணும்."

காட்டுப்பாக்கத்து மிருதங்க வித்வான் ஹேமநாதன் போனில் படபடத்தது இவ்வளவுதான். தடயவியல் ஆய்வகத்திலிருந்து ஓய்வுபெற்ற பஞ்சவர்ணம், ஆட்டோக்காரர் பாஸ்கரனோடு அரை மணியில் அவர் வீட்டில் இருந்தார். துப்பு துலக்கும் வேலை என்றால் பாஸ்கரன் சவாரியைக்கூட விட்டுவிடுவார்.

கூடத்தில் மிருதங்கம் கிடந்தது. நூம்பலில் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் போன வாரம்தான் அதற்குப் புதுத்தோல் போட்டு, ஹேமநாதன் வாசிக்கும் தாழ்ந்த ஒரு கட்டைச் சுருதிக்குச் சேர்த்துக் கொடுத்திருந்தார். மூன்று நாள் முன்பு உறையைத் திறந்தால், வலப்பக்கத் தோல் விளிம்பை ஒட்டிக் கிழிந்திருந்தது. ஹேமநாதன் உடனே வித்வான்களின் வாட்ஸ்அப் குழுவில் ரசாக்கின் பெயரைப் போட்டு நாறடித்துவிட்டார். இரண்டு பேர் ரசாக்கிடம் கொடுத்திருந்த வாத்தியங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஹேமநாதனின் மனைவி தாட்சாயிணி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காபியோடு வந்தார். ஆட்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மட்டமான தோலுதாங்கா. வேற இன்னா கீது இதுல?" என்றார் பாஸ்கரன்.

"அவசரப்படாதே." பஞ்சவர்ணம் மிருதங்கத்தைத் திருப்பினார். வாசிக்கும்போது கனத்த ஒலிக்காக இடப்பக்கத்தில் அப்பும் ரவைப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. "வாசிச்சு முடிச்சதும் ரவையைச் சுரண்டாம விடுவீங்களா?"

"சேச்சே! சுரண்டித் துடைச்சுதான் உறையில போடுவேன்," என்றார் ஹேமநாதன்.

"விளிம்புப் பின்னல்ல கல்லால தட்டின தழும்பு புதுசா இருக்கே?"

"நான் கல்லையே தொடலை. ரசாக் சேர்த்த சுருதி கச்சிதமா இருந்தது."

அலமாரியில் இருந்த சுருதிப் பெட்டியின் திருகை மாற்றாமல் பஞ்சவர்ணம் அதை ஓடவிட்டார். ஒரு கட்டைக்குப் பதில் உயர்ந்த ஐந்து கட்டையில் ஒலித்தது.

"இதை யாரு மாத்தினது?" ஹேமநாதன் முகம் சுளித்தார்.

"அதேதான் நானும் கேக்கறேன். உங்க மிருதங்கம் உடல் நீளம், வாய் அகலம். தாழ்ந்த சுருதிக்குன்னே செஞ்சது. பின்னலை மேலேருந்து தட்டினா தோல் இறுகிச் சுருதி ஏறும், கீழேருந்து தட்டினா இறங்கும். இங்க எல்லாத் தழும்பும் மேலேதான். யாரோ ரவை வச்சு, இதை ஐந்து கட்டைக்கு ஏத்தப் பாத்திருக்காங்க. உடல் குட்டையா, வாய் சின்னதா இருக்கற மிருதங்கம்தான் அவ்வளவு ஏறும். இது தாங்காமக் கிழிஞ்சிருக்கு. தோல் மேல குத்தமே இல்லை."

"இந்த ஊட்ல ஐந்து கட்டை யாருக்குக்கா?"

"காபி வரும்போது நீ காதைத் தீட்டலையா பாஸ்கரா? அந்தப் பாட்டும் இந்தப் பெட்டியும் ஒரே சுருதி."

தாட்சாயிணி சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றார் கணவரிடம். "வெள்ளிக்கிழமை கோயில்ல பாடக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வாசிக்கணும்னு ஆசை. எப்பக் கேட்டாலும், உன் சுருதிக்கு என் மிருதங்கம் ஒத்துவராதுன்னு சொல்லிடுவீங்க. நானே ஏத்தி வச்சுட்டா மறுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லியிருக்கலாமே தாட்சாயிணி?"

"உறையைத் திறந்ததுமே ரசாக் பேரைச் சொல்லிக் கத்தினீங்க. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை. அந்த மனுஷன் பேரு கெடறதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

ஹேமநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ரசாக்கை நினைத்தால் அந்தப் பாவம் கொஞ்சம் குறைந்தது.

பாஸ்கரனின் ஆட்டோ நால்வரையும் நூம்பலுக்கு ஏற்றிச் சென்றது. வழியிலேயே ஹேமநாதன் நடந்ததையெல்லாம் சொல்லிக் குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். கடையில் ரசாக் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"சந்தோஷம்ணே. ஆனா பதினாலு வருஷமா உங்க மிருதங்கத்துக்குத் தோல் போட்டவன் நான். எழுதறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம். இனிமே வேற ஆளைப் பாத்துக்கங்க."

ரசாக் பலகையிலிருந்து குட்டையான மிருதங்கம் ஒன்றை எடுத்துத் தாட்சாயிணியிடம் நீட்டினார்.

"இது அஞ்சு கட்டைக்குப் பேசும்கா. பாடி முடிச்சிட்டுக் கொடுத்துவிடுங்க. கேட்டிருந்தா எப்பவோ கொடுத்திருப்பேனே."

திரும்பும்போது அந்த மிருதங்கம் தாட்சாயிணியின் மடியில் இருந்தது. காட்டுப்பாக்கம் வரும்வரை அவர் ஒரு பாட்டும் முணுமுணுக்கவில்லை.