வலிகடத்தியின் முதல் சாட்சியம்

வலியை இனி யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. காப்பைக் கையில் மாட்டினால் போதும். உடம்பின் வலி அப்படியே நீதிபதியின் தலைப்பட்டைக்குப் போய்விடும். திருச்சி இழப்பீட்டு நீதிமன்றத்துக்கு வலிகடத்தி வந்த முதல் நாள் அது. முதல் வழக்கே தன்னுடையது என்பதில் வழக்கறிஞர் திருவேங்கடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்சிக்காரர் ஞானமுத்து, கிடங்கில் மூட்டை தூக்கியவர். முதுகில் அடிபட்டு வீட்டோடு கிடக்கிறார். முதலாளியோ அவன் வேஷம் போடுகிறான் என்று சாதித்தார். இன்று தோற்றால் ஞானமுத்துவுக்கு மேற்கொண்டு வைத்தியத்துக்கு வழியில்லை.

திருவேங்கடம் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோர்ட்டில் காட்டப்போகும் எதையும் குமாஸ்தா எஸ்தர் முதலில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஊன்றுகோலில் நடந்து பார்ப்பார், கழுத்துப்பட்டையை மாட்டிப் பார்ப்பார். அன்றும் வழக்குக் கட்டுகளை நீதிமன்ற மாடிக்குச் சுமந்து வந்த கையோடு காப்பை மாட்டிக்கொண்டார்.

“சார், ஒரு நிமிஷம்...” என்றார் எஸ்தர்.

“எல்லாம் அப்புறம்மா. நீங்க ஆரம்பிங்க,” என்று கருவியை இயக்குபவருக்குத் திருவேங்கடம் கையசைத்தார்.

நீதிபதி மங்கையர்க்கரசி துடித்துப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிடரியிலிருந்து இடுப்புவரை யாரோ முறுக்கிப் பிழிவது போலிருந்தது. திருவேங்கடத்துக்கு உற்சாகம் தலைக்கேறியது.

“பாத்தீங்களா மேடம்? இந்த வலியோட ஒருத்தரை வேலை வாங்கிட்டு, கண்ணெதிர்ல சுருண்டு நின்னாலும் பாக்காத மாதிரி இருக்கறவங்களைச் சும்மா விடலாமா?”

“விடக்கூடாது,” என்றார் நீதிபதி.

ஞானமுத்து தயங்கித் தயங்கி வெறும் கையைத் தூக்கினார். “ஐயா, எனக்கு இன்னும் மாட்டவே இல்லீங்களே.”

எல்லோரும் எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காப்பைப் புடவைத் தலைப்பால் மறைக்கப் பார்த்தார்.

காப்பு கைமாறியது. ஞானமுத்துவின் வலியும் பொய்யில்லை. கேட்ட இழப்பீட்டை நீதிபதி அங்கேயே வழங்கினார். திருவேங்கடம் ஜெயித்துவிட்டார், கைகுலுக்கத்தான் யாரும் வரவில்லை.

“எவ்வளவு நாளா இப்படி?” என்று நீதிபதி எஸ்தரைக் கேட்டார்.

“பழகிடுச்சும்மா. சார்கிட்டயும் சொன்னேன். இந்தக் கேஸ் முடியட்டும், பாக்கலாம்னாரு. எல்லாக் கேஸுக்கும் அப்படித்தான்.”

“உங்களுக்காக யாரு ஆஜராகறது?”

எஸ்தர் பழக்கதோஷத்தில் திருவேங்கடத்தைப் பார்த்தார். அதற்குள் கிடங்குத் தரப்பு வழக்கறிஞர் நிவேதா எழுந்துவிட்டாள். தோற்ற சுவடே அவள் முகத்தில் இல்லை.

“நான் ஆஜராகறேன் மேடம். புதுசா வாதம் எதுவும் வேண்டாம். சார் இப்பப் பேசினதே போதும்.”