ஏற்றவனுக்கும் அதே விதி

வெள்ளாற்றின் மீது அந்திச் செம்மை மெல்ல மங்கிச் சாம்பல் நிறமாகி, கீழ்க்கரைப் புன்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து முழுநிலவு எழுந்த அந்த வேளையில், நெடுங்கரைக் கோட்டை வாசலில் ஊரவை கூடியிருந்தது.

வாசகப் பெருமக்கள் இதற்கு முன் நடந்ததை அறிய வேண்டும். சென்ற அறுவடையின்போது குடிமக்கள் திரண்டெழுந்து, கொடுங்கோல் புரிந்த சிற்றரசனை விரட்டினார்கள். கோட்டைக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டவன் காவலன் கொற்றன். இனி எதையும் கையுயர்த்தி முடிவு செய்வோம் என்று ஊரே மகிழ்ந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவன் நிம்பன். கொற்றனின் தங்கை பூதியை மணக்க இருந்தவன். நல்லவன்தான். ஆனால் எல்லோரும் சமம் என்பதை மக்களின் நாவிலும் நிலைநாட்ட விரும்பினான். ஒருவரை மரியாதையாக அழைப்பவருக்கும் அதை ஏற்பவருக்கும் முதலில் அபராதம் என்றான்; பிறகு கசையடி; பிறகு மரணம். ஒவ்வொரு முறையும் கைகள் உயர்ந்தன. உயர்த்தாதவர்கள் அடுத்த கூட்டத்தில் காணப்படவில்லை.

பெரியவர்களைப் பெரியவர்களாக அழைப்பதை அடிமைத்தனம் என்று எம் குடியில் எவரும் எண்ணியதில்லை. அது கிடக்கட்டும்.

அன்று குற்றவாளியாக நின்றவன் கொற்றன். சிறையில் உயிர் பிரியும் தறுவாயில் கிடந்த பழைய அரசியிடம் தண்ணீரை நீட்டி, "அருந்துங்கள்" என்று சொல்லிவிட்டான். அவன் அதை மறுக்கவில்லை. சாகக் கிடப்பவளிடம் வேறெப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டான்.

"'குடி' என்றால் தொண்டையில் இறங்காதோ?" என்றாள் குயவர் தெரு நல்லாள். சிலர் சிரித்தார்கள்.

பூதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நிம்பனின் காலடியில் விழுந்தாள். "என் அண்ணன் உயிரைத் தாங்கள்தான் காக்க வேண்டும்."

"எழுந்திரு, பூதி" என்றான் அவன்.

'தாங்கள்' என்பது தனிமையில் அவள் வாயால் அவன் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். அவன் காதில் உறுத்தவேயில்லை. அவையின் காதில் உறுத்தியது.

நல்லாள் எழுந்தாள். "சொன்னவள் இவள். ஏற்றவன் நீ. விதி என்ன, நிம்பா?"

நிம்பன் விதியைச் சொன்னான். குரல் மாறவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, மூவருக்கும் சேர்த்தே கையுயர்த்தக் கேட்டுவிடலாம் என்றார்கள் அவையினர். பூதி எழுந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கைகள் வரிசை வரிசையாக உயர்ந்தன. பிறகு அவையினர், வழக்கம்போல, உயராத கைகளைத் தேடினார்கள்.

அண்ணனும் தங்கையும் நீங்கலாக, அவையில் ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் தன்னையே பார்ப்பதை நிம்பன் கவனித்தான். குனிந்து தன் வலக்கையைப் பார்த்தான். பின்னர் அதையும் உயர்த்தினான்.