அந்நியத்து மாப்பிள்ளை

மழைக்கு ஒதுங்க இடம் தேடிய அந்த ஒரு நொடியில் தங்கச்சி பொன்னுமணி சந்திரவல்லியின் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்... போடி ஜீப் ஸ்டாண்டில், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக் கிளம்பிய ஜீப்புக்கு நேர் முன்னால்.

சந்திரவல்லிக்கு உயிரே போய்விட்டது. ஜீப் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் குதித்து இறங்கிப் பொன்னுமணியைத் தூக்க, அவள் அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை.

"பிள்ளையப் பிடிக்கத் தெரியாதா?" என்றான் அவன்.

"ஜீப்ப ஓட்டத் தெரியாதா?" என்றாள் இவள். சொன்ன கையோடு அழுதும்விட்டாள்.

மழைத்தண்ணீர் சொட்டும் இமைகளுக்கு அடியில் அவன் கண்களில் கோபம் கரைந்து இரக்கம் வந்தது. பாழாய்ப்போன கண்கள்... அன்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை. அவன் பெயர் காசிராஜன், வருசநாட்டுப் பக்கம்.

அதன்பிறகு சிலமலையிலிருந்து பொன்னுமணியை வலிப்பு மாத்திரைக்காகக் கூட்டிவரும்போதெல்லாம் அந்த ஜீப் எப்படியோ எதிரே வந்தது. ஏழு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை அவள். உட்கார்ந்தால் ஓயாமல் ஆடுவாள், தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். ஊரார் பேய் என்றார்கள். மதுரை டாக்டர் வேறு விதமாகச் சொன்னார். பருப்பிலும் பாலிலும் உள்ள ஒரு சத்தை அவள் உடம்புக்குப் பக்குவப்படுத்தத் தெரியவில்லையாம், அது தேங்கித் தேங்கி மூளையை வளரவிடாமல் செய்துவிட்டதாம். தாய், தகப்பன் இருவர் ரத்தத்திலும் ஒளிந்திருந்து வருகிற குறை இது, சொந்தத்துக்குள் கட்டினால் கூடுதலாக வரும் என்றார்.

அப்பா கட்டியிருந்தது தன் அக்கா மகளை. "டாக்டருக்கு வேற சோலியில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சந்திரவல்லிதான் அன்றுமுதல் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

காசிராஜனோடு பேசும்போது மட்டும் அது தணிந்தது. ஊரும் உறவும் வேறான மனுசன் அல்லவா...

அவன் ஒருநாள் பெண் கேட்டு வந்தான். வந்தவன் அவள் தலையில் இடியை இறக்கினான். எப்போதோ போக்குவரத்து அற்றுப்போன கிளையில், தன் அம்மாவும் அவள் அப்பாவும் ஒன்றுவிட்ட அக்கா தம்பி முறையாம். முறை மாப்பிள்ளை தேடி வந்துவிட்டான் என்று அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ கல்யாணமே வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டாள். காரணம் சொல்லவில்லை. அம்மா முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வாள்?

அவனும் ரோசக்காரன், தலைகாட்டவில்லை. ஆனால் பொன்னுமணிக்கு வலிப்பு வந்து, பஸ் கிடைக்காமல் சந்திரவல்லி ரோட்டில் பதறி நின்ற அன்று, வந்து நின்றது அவன் ஜீப்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பிள்ளை கண்ணயர்ந்த பிறகு கேட்டான். "என்னைய ஏன் வேணாம்னே? டிரைவர்ங்கிறதாலயா?"

"நீங்க சொந்தங்கிறதால..." அவள் தங்கச்சியையே பார்த்தாள். "எனக்குப் பிறக்குறதும் இப்படித் தன் கையக் கடிச்சுக்கிட்டா நான் தாங்கமாட்டேன்."

அவன் மணிக்கட்டில் பொன்னுமணி கடித்த தழும்பைத் தடவிக்கொண்டான்.

"அம்புட்டும் பொய்யி வல்லி. ஒங்கப்பா அந்நியத்துல பொண்ணு குடுக்கமாட்டாருன்னாக. ஒன்னைய விட மனசில்லாம இல்லாத உறவச் சொன்னேன். நான் ஒனக்கு எந்த வழியிலயும் சொந்தமில்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எத்தனையோ நாளாகக் கனன்ற நெருப்பு அந்த ஒரு வார்த்தையில் அடங்கியது.

"ஒங்கப்பாட்டப் போயி உண்மையச் சொல்லிர்றேன்" என்று அவன் எழுந்தான். "வெட்டுனாலும் வெட்டட்டும்."

அவள் முதல்முறையாக அவன் கையைப் பிடித்தாள்.

"நானும் வர்றேன். கட்டுனா இந்த அந்நியத்தானத்தான் கட்டுவேன்னு நான் சொல்லிக்கிறேன்."