நாற்பத்தொன்றாவது படம்

கேமராவைத் திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம்தான் இருந்தது. ஆறு மணி பஸ்ஸில் பக்கத்து வீட்டு இளையபெருமாள் அண்ணன் சென்னைக்குப் போகிறார். கேமரா அவருடையது. மாங்கனித் திருவிழாவில் எடுத்த நாற்பத்தொரு படங்கள் அதற்குள் இருந்தன.

அவற்றை இணையத்தில் சேமித்துவிட்டால், பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்குப் போயிருக்கும் அப்பாவும் பார்ப்பார்.

பூங்கொடியும் தம்பி ஆதவனும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடினார்கள். அதை நடத்துபவர் ஜன்னத்துல் பிர்தௌஸ் அக்கா.

"ரெண்டு தளம் இருக்கு. ரெண்டும் இலவசம். ஒண்ணுல எத்தனை படம் வேணாலும் போடலாம். இன்னொண்ணுல நாப்பதுதான்" என்றார்.

"மொத தளமே போதும்க்கா!" என்றான் ஆதவன்.

"இருடா. வலையைப் போட்டா மட்டும் போதுமா? இழுத்துப் பார்க்க வேணாமா?" என்றாள் பூங்கொடி.

ஒரே படத்தை இரண்டிலும் ஏற்றினாள். திரும்ப இறக்கிப் பெரிதாக்கினாள். திருவிழாவில் பக்தர்கள் மாடியிலிருந்து எறிந்த மாம்பழத்தைப் பிடிக்க ஆதவன் தாவும் படம் அது.

முதல் தளம் படத்தைச் சுருக்கியிருந்தது. மாம்பழம் வெறும் கறையாகத் தெரிந்தது.

"ஐயே! என் மூக்குல மஞ்சள் அப்பின மாதிரி இருக்கு!"

இரண்டாவதில் மாம்பழத்தின் காம்புகூடத் தெரிந்தது.

"இதுதான்க்கா" என்றாள் பூங்கொடி.

"அப்ப ஒரு படத்தை விடணுமே. எதை விடுறது?" என்று கேட்டார் ஜன்னத்துல் அக்கா.

"இதை!" ஆதவன் திரையைத் தொட்டான். "எனக்குத் தலையே இல்ல!"

அந்தப் படத்தில் யாருக்கும் தலை இல்லை. சட்டைகளும் கைகளும்தான் இருந்தன. மூலையில் ஒரு கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது.

"அது இருக்கட்டும்" என்றாள் பூங்கொடி. புதுப் பாவாடையில் தான் மட்டும் நின்ற படத்தை ஒதுக்கிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? அது நல்லா இருந்துச்சே!"

அவள் படங்களை ஏற்றத் தொடங்கினாள். ஐந்தே முக்காலுக்கு நாற்பதாவது படமும் ஏறி முடிந்தது. ஆதவன் விடவில்லை.

"இந்த முண்டங்கள்லாம் யாருன்னு அப்பா கேட்டா என்ன சொல்லுவே?"

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் படம் எடுக்கிறப்ப நீ மாம்பழம் எப்ப விழும்னு வானத்தையே பார்த்துக்கிட்டு நின்னேடா. அதான் உனக்குத் தெரியல. ஈரக் கையை மூணு தடவை முந்தானையில துடைச்சுட்டு, கேமராவை மொதமொதலா கையில வாங்கி, அதை எடுத்தது நம்ம அம்மா!"