பக்கத்து அறைக்கு ஓர் ஊசி

லஸ்ஸில் டிராமை விட்டு இறங்கி, கச்சேரி ரோட்டில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்கு நர்ஸ் மர்சலின் வந்து சேர்ந்தபோது, பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். கால்கள் கெஞ்சின.

உள்ளே தோல் வியாபாரி மெஹபூப் அலி தலையணைகளைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். நுரையீரலில் புற்று. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ராப்பகலாக அப்படியேதான். ஒவ்வொரு மூச்சும் ஈர மரத்தை அறுப்பது போல இழுத்தது. முதுகைத் தடவித் தடவி மனைவி வஜீஹாவும் பாதியாகிப் போயிருந்தாள்.

டாக்டர் ராமானுஜம் கப்பலில் வந்த புது மருந்தைச் சில புட்டிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். கார்ட்டிசோன். நாற்பத்தொன்பதாம் வருடக் கடைசியில் மதராஸில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

“கேன்ஸரை இது ஒண்ணும் பண்ணாதும்மா. மூச்சு கொஞ்சம் லேசாகலாம், அவ்வளவுதான்,” என்று மர்சலினிடம் சொல்லித்தான் அனுப்பினார்.

மர்சலின் ஊசி போட்டாள். மறுநாள் மாலை வந்தபோது மெஹபூப் அலி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வஜீஹா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை.

அது பக்கத்து அறையிலிருந்து வந்தது.

“அங்க யாரும்மா?”

வஜீஹாவின் குரல் தழைந்தது. “யாரும் இல்ல சிஸ்டர். இவரோட ஆபா... அக்கா கைசர் ஜஹான் இருந்த ரூம். மூச்சு முட்டியே மௌத்தானாங்க. அதுலேர்ந்து பூட்டித்தான் கீது.”

அடுத்த ஊசிக்கு அவர் மூச்சு இன்னும் லேசானது. பக்கத்து அறையில் இழுப்பு பலத்தது. கதவிடுக்கில் ஊமத்தை இலைப் புகை நாறியது. இழுப்புக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் போடும் புகை.

கடைசிப் புட்டியை அவள் ஊசியில் ஏற்றியதும் மெஹபூப் அலி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு வேணாம். ஆபாவுக்குப் போடுங்க. அன்னிக்கு அவங்களுக்கு ஒரு மருந்தும் இல்ல.”

“மருந்துச் சூட்டுல பேசறாரு,” என்றாள் வஜீஹா. அவரோ பிடியை விடவில்லை. அடம்பிடித்ததில் மூச்சு மறுபடி வாங்கியது. அவரைச் சமாதானப்படுத்தினால் போதும், உள்ளே சும்மா நின்றுவிட்டு வரலாம் என்று மர்சலின் வஜீஹாவிடம் சாவி வாங்கி அந்தக் கதவைத் திறந்தாள்.

இருட்டு. புகை.

இழுப்பு அவள் முகத்தருகே வந்தது.

ஒரு கை அவள் கையில் வந்து விழுந்தது. எலும்பும் தோலுமாய். சில்லென்று.

அலறக்கூடத் தெம்பில்லை. விரல்கள் பழக்கத்தில் தாமாகவே சதையைத் தேடின. ஊசி இறங்கியது.

சத்தம் நின்றது.

வெளியே வந்தபோது ஊசியில் ஒரு சொட்டுகூட இல்லை.

“தூங்கிட்டாங்களா?” என்று கேட்டார் மெஹபூப் அலி. அவள் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை, மூச்சுக்குப் போராடி, வஜீஹாவின் மடியில் அவர் போய்ச்சேர்ந்தார். “அவரு கேட்டதைத்தானே செஞ்சீங்க,” என்றாள் அவள்.

தை பிறந்த பின், அடையாற்றில் ஞானதாஸ் என்ற வாத்தியாருக்கு ஊசி போட மர்சலினைக் கூப்பிட்டார்கள். பட்டப்பகல். மருந்தை ஏற்றிவிட்டு அவர் சட்டைக் கையை மடித்தாள். அவரோ அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அப்புறம் போடலாம் சிஸ்டர். பாவம், உங்க பின்னாடி அந்த அம்மா எவ்ளோ நேரமா கைய நீட்டிக்கினு நிக்கிறாங்க.”