சந்தகைக் கடையில் ஒரு சொல்

வேலம்பாளையத்தில் நிர்மலாவின் வீட்டுக் கதவை நிதா தட்டியபோது அவள் கையில் கசங்கிய துண்டறிக்கை ஒன்று இருந்தது. கூட உமையாளும் வந்திருந்தாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத தோழியைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளே வண்டி ஓட்டி அழைத்து வந்திருந்தாள்.

நிர்மலா இருபத்தேழு வருடம் பனியன் கம்பெனிகளில் தரம் பார்த்தவர். ஆயிரம் சட்டைக்கு நடுவே விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடிக்கிற கண், ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தாரின் வில்லங்கங்களைத் தீர்த்துக்கொண்டிருந்தது. முன்பு உடன் வேலை பார்த்த இளங்குமரன் இப்போதும் அவருக்குத் துணை. எல்லோரையும் முந்திக்கொண்டு குற்றவாளி யாரென்று சொல்லிவிடுவது இளங்குமரனின் வழக்கம்.

"உக்காருங்க கண்ணு. மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் நிர்மலா.

நிதா சொன்னாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவரும் இரண்டு வருடமாக ஞாயிறு காலைகளில் ஒரு நடை நடத்துகிறார்கள். பழைய கடைவீதியில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய், கடைகடையாகச் சாப்பிட வைத்து, அந்தக் கடைகளின் வரலாற்றைச் சொல்வார்கள். கதை தேடிச் சொல்வது நிதா. முன்பதிவும் படம் எடுப்பதும் உமையாள். ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் பசியாற்றிய ஏழு கடைகளை வைத்துப் புதிய நடை ஒன்றை எட்டு மாதம் உழைத்து உருவாக்கியிருந்தாள் நிதா. தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, அதே ஏழு கடை, அதே வரிசை, அதே கதைகளுடன் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று விளம்பரம் செய்துவிட்டது.

"நீங்க எழுதி வெச்சதை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"நானும் உமையும். அப்பறம் வரைபடம் போட்டுக் கொடுத்த எங்கண்ணன் இலியாஸ்." நிதா குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கம்பெனிக்கு அண்ணன் முன்னாடி ஒருக்கா போஸ்டர் போட்டுக் கொடுத்திருக்குதுங்க. உமைதான் ஞாபகப்படுத்துனா. நேராப் போயி சண்டை போட்டுட்டேன். இப்ப பேச்சுவார்த்தை இல்லீங்க."

"அப்பறம் என்னங்க, அண்ணன்தான்," என்றார் இளங்குமரன்.

உமையாளின் போன் அடித்தது. "அப்பச்சி, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டு, "தேவகோட்டையில இருந்து, அப்பாதான்," என்றாள்.

நிர்மலா அந்தக் கம்பெனியின் துண்டறிக்கையை இரண்டு முறை படித்தார். ஒரு வரியை மட்டும் வாய்விட்டு வாசித்தார்: "'ஆத்தப்பனின் தந்தை செய்து தந்த மர அச்சில்தான் இன்றும் சந்தகை பிழிகிறார்கள்.'" கீழே சிறிய எழுத்தில், 'எழுத்து: மகுடேஸ்வரன், உடுமலைப்பேட்டை' என்றிருந்தது.

அன்று மாலை நிதாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஏழில் ஒன்றான ஆத்தப்பனின் கடைக்குப் போனார். ஆத்தப்பன் இடியாப்பம் போல நூல்நூலாகப் பிழிந்த சூடான சந்தகையின் மேல் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்.

"அந்தக் கம்பெனிக்காரங்க வந்தாங்க, தின்னாங்க, போனாங்க. ஒண்ணும் கேக்கலீங்க," என்றார். "இந்த அச்சு எங்க அப்புச்சி செஞ்சு கொடுத்ததுங்க. எங்கம்மா பனியன் கம்பெனி வேலைக்கு வந்தப்ப கையோட கொண்டாந்துச்சு. வேலை நின்னுபோனதும் இதை வெச்சுத்தான் கடை போட்டுச்சு."

நிர்மலா நிதாவிடம் கேட்டார்: "நீங்க எப்படி எழுதுனீங்க?"

"அவர் சொன்னபடியேதானுங்க. அப்புச்சின்னே எழுதுனேன்."

மறுநாள் காலை எல்லோரும் அதே கடையில் கூடினார்கள். இலியாஸ் வாசலிலேயே நின்றான். நிதா அவன் பக்கம் திரும்பவில்லை.

"உமையாள் கண்ணு, இந்த அச்சோட கதையை இன்னிக்கு நீங்க சொல்லுங்க," என்றார் நிர்மலா.

உமையாள் முகம் மலர்ந்தது. நன்றாகவே சொன்னாள். "ஆத்தப்பன் அண்ணனோட அப்பா இருக்காங்களே, அவங்க தன் கையால செதுக்கின அச்சு இது..."

வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆத்தப்பன் நிமிர்ந்தார். "அப்பா இல்லீங்க. அப்புச்சி. அம்மாவப் பெத்தவரு."

நிதா உமையாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தப்பனுக்கு அப்புச்சி யாருன்னு தெரியும்," என்றார் நிர்மலா, குரலை உயர்த்தாமல். "இங்கேயே பொறந்து வளர்ந்த இலியாசுக்கும் தெரியும்."

"எழுதுன மகுடேஸ்வரன் மாத்தியிருக்கலாமில்லீங்க?" என்றார் இளங்குமரன்.

"அவரு உடுமலைக்காரர், அந்தப் பக்கமும் அம்மாவப் பெத்தவரு அப்புச்சிதான். நிதா எழுதுனது அப்படியே அவர் கைக்குப் போயிருந்தா தப்பு வந்திருக்காது. போன்ல கேட்டேன். ஒருத்தர் சொல்லச் சொல்ல எழுதுனேன்னாரு, பேரு மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. சொன்னவங்களுக்கு அப்புச்சின்னா அப்பா. உங்க பக்கம் அப்பாவை அப்பச்சின்னு கூப்புடுவீங்க, இல்லீங்களா கண்ணு?"

உமையாள் மறுக்கவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கம்பெனியில என்னைக் கதை சொல்ல விடுறேன்னாங்க," என்றாள் நிதாவைப் பார்த்து. "ரெண்டு வருஷத்துல ஒரு கடையிலயாவது என்னைப் பேச விட்டியா? நான் வாயைத் திறந்தா நீ முந்திக்குவே."

அது பொய்யில்லை என்று நிதாவுக்குத் தெரிந்தது. அதனால் வலி குறையவில்லை.

"கதையை எடுத்துட்டுப் போனே, சரி. எங்கண்ணன் பேரை எதுக்கு இழுத்தே?"

"போஸ்டர் போட்டாருன்னு மட்டுந்தான் சொன்னேன்." உமையாள் எழுந்தாள். "மிச்சத்தை நீயாத்தான் நம்புனே."

அவள் வண்டி தெருமுனை திரும்பும் வரை நிதா உட்கார்ந்தே இருந்தாள். நிர்மலா அவள் முன்னால் தண்ணீரை மட்டும் நகர்த்தி வைத்தார். நிதா குடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா..."

இலியாஸ் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். "வரைபடம் இன்னிக்கு அச்சுக்குப் போகுது. மாத்தறதுக்கு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லு."

"உமை பேரை எடுத்துருண்ணா."

அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அதுல எங்க அவ பேரு இருக்குது?" என்றான். "நீ உன் பேரு மட்டுந்தான் எழுதிக் கொடுத்தே."